முசிறிக்குப் போகும் வழியில் கொங்கு நாடு

பழந்தமிழரின் கடல் வாணிகம் என்ற பேச்சு எழுந்தால் நம் நினைவில் முதலில் வந்து நிற்பவை துறைமுகங்களே. மேற்கே முசிறியும் தொண்டியும், தெற்கே கொற்கை, கிழக்கே புகாரும் அரிக்கமேடும். விடுமுறை நாட்களில் வரலாற்றுப் பயணம் கிளம்புகிறவர்களும் இவற்றையே நாடிச் செல்கிறார்கள். கொடுங்கல்லூரின் காயலில் படகேறிச் சுற்றிவிட்டு, பூம்புகாரின் கடற்கரையில் அலைகளைப் பார்த்து நின்றுவிட்டு, பழம்பெருமையைக் கண்ட நிறைவோடு வீடு திரும்புகிறோம்.

இந்த இரண்டு கடல்களுக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று இன்று நாம் வழங்கும் கொங்கு நாட்டுக்குக் கடலில்லை, துறைமுகமில்லை, கலங்கரை விளக்கமில்லை. ஆயினும் அக்காலக் கடல் வாணிகத்தின் சான்றுகள் மிகுதியாகக் கிடைத்த வட்டாரங்களுள் இது ஒன்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை, மேலைக் கடற்கரையில் தொடங்கிக் கீழைக் கடல் வரை ஒரு வணிகச் சாத்தின் பின்னால் நடப்பதுபோல, நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையில் குவிந்த பொருள்கள்

வகுப்பில் மாணவர்களிடம் 'முசிறி எங்குள்ளது?' என்று கேட்டால் 'திருச்சிக்கு அருகில்' என்றே பெரும்பாலும் விடை வருகிறது. காவிரிக்கரை முசிறியை அறிந்தவர்கள் அவர்கள்; அதில் பிழையில்லை. சங்கப் பாடல்களின் முசிறியோ பெரியாறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த சேரர் துறைமுகம். யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் காட்சியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். புறநானூற்றின் 343ஆம் பாடலும் கலங்கள் கொணர்ந்த பொன் தோணிகளில் கரை சேர்வதைச் சொல்கிறது.

அத்துறை கொடுங்கல்லூர் வட்டாரத்தில் இருந்தது என்பது நெடுநாளைய கருத்து. வடக்குப் பரவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் நடத்திய அகழாய்வுகளில் ஒரு படகும், படகுத்துறையின் கட்டுமானமும், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளான ஆம்போராக்களின் உடைசல்களும் கிடைத்தன. அதன்பின் முசிறியின் இருப்பிடம் பட்டணமே என்று பலர் கருதுகின்றனர். 2006இல் கேரள அரசு தொடங்கிய முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் பரவூர் யூதர் தொழுகைக்கூடம், பாலியம் அரண்மனை, போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டப்புறம் கோட்டை முதலியவற்றை இணைத்து நீர்வழிச் சுற்றுலா அமைத்திருக்கிறார்கள். போற்றத்தக்க பணி அது.

இனி, அத்துறையில் ஏற்றப்பட்ட சரக்கின் பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்', முசிறி முதலான மேலைத் துறைகளுக்கு வரும் பொருள்களில் நாணயத்தை முதன்மையாகச் சொல்கிறது. அங்கிருந்து செல்பவை மிளகு, முத்து, தந்தம், பட்டு, கங்கைப் பகுதியின் சடாமாஞ்சில், உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்படும் இலவங்கப் பத்திரி, ஒளி ஊடுருவும் பலவகைக் கற்கள் என்று பட்டியல் நீள்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாபிரசு ஆவணம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது, 1985இல் அறிஞருலகுக்கு வெளியிடப்பட்டது. 'எர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்கில் சடாமாஞ்சிலும் தந்தமும் இருந்தமையையும், ரோமானிய அரசு நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகப் பெற்றமையையும் அதனால் அறிகிறோம்.

இப்பட்டியலில் மிளகு முசிறிக்குப் பின்னாலிருந்த மலையில் விளைந்தது. முத்து பாண்டியர் கடலில் எடுத்தது. சடாமாஞ்சில் கங்கைச் சமவெளி வழியாக வந்தது. ஒளி ஊடுருவும் கற்கள் எங்கிருந்து வந்தன? கேரளக் கரையில் அவை விளைவதில்லை. அக்கேள்வியைப் பற்றிக்கொண்டு கிழக்கே திரும்பினால் பாலக்காட்டுக் கணவாய் எதிர்ப்படுகிறது.

மலை விட்ட வழி

மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கிறது. சுமை தாங்கிய விலங்குகளும் வண்டிகளும் செங்குத்தான மலை ஏறாமலே இக்கடலிலிருந்து அக்கடலுக்குப் போக வழி செய்தது இந்த இடைவெளிதான். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியாகவே கோவைக்குள் நுழைகிறது. 1862இல் சென்னையை மேலைக் கடற்கரையோடு இணைத்த இருப்புப்பாதையும் போத்தனூரைக் கடந்து இவ்வழியாகவே சென்றது. பொறியாளர்கள் வரைபடத்தில் கண்டறிந்ததைப் பொதிகழுதைகள் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கால்களால் அறிந்திருந்தன.

கழுதைகள் என்று நாம் சொல்வது கற்பனையன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளைக் காட்டுகிறார். சுங்கம் கொள்ளும் பெருவழிகளையும், வில்லேந்தி அவற்றைக் காத்து நின்ற வீரரையும் காட்டுகிறார். அவரே பாடிய பட்டினப்பாலையில், புகார் நகரத் தெருக்களில் குவிந்த பொருள்களை எண்ணும்போது, குதிரைகள் நீர்வழி வந்தன என்றும், மிளகு மூட்டைகள் 'காலின்' வந்தன என்றும் பிரித்துச் சொல்கிறார். கால் என்பதற்கு இங்கே வண்டி என்று பொருள் கொள்வர். மிளகு விளைவது மேலைமலையில். அது வண்டியேறிக் காவிரியின் முகத்துவாரத்துக்கு வரவேண்டுமானால் கணவாயையும் கொங்கையும் கடந்துதான் எளிதாக வரமுடியும். கடற்கரை நகரத்தைப் பாடிய ஒரு புலவர், உள்நாட்டுச் சாலையொன்றுக்கு ஒரே சொல்லில் சான்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரும்பாணாற்றுப்படையின் 'பெருவழி' என்ற அதே சொல் பல நூற்றாண்டுகள் கழித்துக் கோவையின் பாறையொன்றில் தலை காட்டுகிறது. கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில், தமிழிலும் வட்டெழுத்திலும் பொறித்த கல்வெட்டொன்று 'இராசகேசரிப் பெருவழி'யைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோழனை வாழ்த்தும் வெண்பாவும் அதில் உண்டு. முதலாம் ஆதித்தன் (கி.பி. 871–907) காலத்தது அது என்பர். புதிய சாலையொன்றை அவன் வெட்டினான் என்று கொள்வதைவிட, காலங்காலமாக நடந்து தேய்ந்த வழிக்குத் தன் பட்டப்பெயரைச் சூட்டிக் காவலும் அளித்தான் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வெள்ளலூரில் புதைந்த வெள்ளி

கணவாயைத் தாண்டி நொய்யலின் கரையைப் பிடித்தால் வெள்ளலூர். கோவை நகரத்தை ஒட்டியே இருக்கிறது. 1842இல் இங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்னர் 1891இலும் 1931இலும் மீண்டும் புதையல்கள் கிடைத்தன. இங்கு மட்டுமல்ல, 1800ஆம் ஆண்டளவில் பொள்ளாச்சியிலும், 1913இல் கொடுமணலுக்கு அருகிலுள்ள கத்தாங்கண்ணியிலும், 1946இல் உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்திலும் இத்தகைய புதையல்கள் வெளிப்பட்டன. பூதிநத்தத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். கணவாய்க்கு அப்பால் திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதால், இவற்றை நிலப்படத்தில் குறித்து இணைத்தால் நாம் சொல்லும் வழியின் கோடு தானே விழுகிறது.

இக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ் (கி.மு. 27 – கி.பி. 14), திபேரியஸ் (கி.பி. 14–37) ஆகிய இரு பேரரசர்களின் 'தெனாரியஸ்' என்னும் வெள்ளிக் காசுகள். பின்வந்த நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதற்கு முந்திய காசுகளே இங்கே குவிந்து கிடப்பதைப் பார்த்தால், நம் வணிகர்கள் காசிலிருந்த தலையைப் பார்த்து வாங்கவில்லை, வெள்ளியின் தரத்தைப் பார்த்து வாங்கினார்கள் என்பது விளங்கும். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி புலம்பியது இந்தப் பின்னணியில்தான். அப்புலம்பலின் ஒரு சிறு பங்கு கோவை மண்ணுக்குள் பானைகளில் உறங்கிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ரோமானியக் காசு கிடைத்த இடமெல்லாம் ரோமானியர் குடியிருந்த இடம் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். காசு கைமாறும் பொருள். அது வந்த இடத்துக்கெல்லாம் அதை அச்சிட்டவன் வரவேண்டியதில்லை. யவனர் சிலர் உள்நாடு வரை வந்திருக்கலாம். ஆனால் இப்புதையல்கள் காட்டுவது அவர்களின் வருகையை அன்று. அவர்களின் வெள்ளியைத் தம் பொருளுக்கு ஈடாகப் பெற்றுப் பானையில் சேர்த்து வைக்கும் அளவுக்குச் செல்வம் படைத்த உள்ளூர் மக்களின் இருப்பை. பெருமை கொள்ள இதுவே போதும். இதற்குமேல் ஒப்பனை தேவையில்லை.

கொடுமணமும் படியூரும்

அம்மக்கள் கொடுத்த பொருள் என்ன? விடை நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்னும் ஊரில் இருக்கிறது.

பதிற்றுப்பத்தில் இரு இடங்களில் 'கொடுமணம்' என்ற ஊர் வருகிறது. ஏழாம் பத்தில் கபிலரும் எட்டாம் பத்தில் அரிசில்கிழாரும் அதைக் குறிக்கின்றனர். அரிசில்கிழார், வேலைப்பாடு மிக்க கொடுமணத்து அணிகலன்களையும் பந்தர் என்னும் ஊரின் முத்துக்களையும் சேர்த்தே சொல்கிறார். பந்தரைக் கடற்கரைப் பட்டினம் என்பர். உள்நாட்டுத் தொழிற்கூடத்தையும் கடற்கரைத் துறையையும் ஒரே மூச்சில் இணைத்துப் பார்த்த அப்புலவரின் பார்வை, நம் பாடநூல்களில் எப்படியோ தொலைந்து போயிற்று.

கொடுமணமே இன்றைய கொடுமணல் என்பதை மண்வெட்டி உறுதி செய்தது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் இங்கே அகழ்ந்தனர். 2012, 2013 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகம் ராஜன் தலைமையில் மீண்டும் அகழ்ந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்துள்ளது. கிடைத்தவற்றைப் படிக்கும்போது ஒரு தொழில் நகரமே கண்முன் எழுகிறது. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு வடித்த மூசைகள். முழுமையடைந்தவையும், துளையிடப்படாதவையும், உடைந்து எறியப்பட்டவையுமான மணிகள். நூல் நூற்ற தக்களிகள். முழு மணிகளைவிட அரைகுறை மணிகளே நமக்கு முக்கியம். வாங்கி வந்த ஊரில் முழு மணி கிடைக்கும். செய்த ஊரில்தான் குறைமணி கிடைக்கும்.

ஓர் ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அக்கல் குசராத்துப் பகுதியிலிருந்து வந்தது. நீல நிற லாபிஸ் லசுலி கல் ஆப்கானிஸ்தானத்தினது. மூலப்பொருளை அத்தனை தொலைவிலிருந்து வரவழைத்து, வேலை செய்து, விற்ற ஊர் இது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானையோடுகளில் தமிழி எழுத்துகள் உள்ளன. பெரும்பாலும் ஆட்பெயர்கள், பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் அவற்றில் உண்டு. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் ஓர் ஓட்டில் காணப்படுகிறது. அரண்மனைச் சாசனங்களில் காண முடியாத மனிதர்கள் இவர்கள். தம் கலத்தில் தம் பெயரைத் தாமே கீறி வைத்தவர்கள். இங்கு எழுத்து கி.மு. ஐந்து, நான்காம் நூற்றாண்டுகளுக்கே சென்றுவிடும் என்பது ராஜனின் கருத்து. அக்காலக் கணிப்பை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். எவ்வாறாயினும், சங்ககாலத்தில் கொங்கின் மணித்தொழிலாளர் நடுவே எழுத்து பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை.

கொடுமணலுக்குத் தெற்கே காங்கேயத்தை அடுத்த படியூர், பெரில் என்னும் கடல்நிறப் பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற இடம். 1819–20 ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒருவர் இச்சுரங்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்திருக்கிறார். பெரில் கல் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதிய பிளினி, பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக் கற்களையும் இந்தியர் செய்கிறார்கள் என்று குறை கூறவும் தவறவில்லை. கடலின் நிறத்தை ஒத்த கல்லே சிறந்தது என்பதும் அவர் கருத்து. கடலே இல்லாத நாட்டிலிருந்து கடலின் நிறம் ரோமாபுரிக்குப் போயிற்று. முசிறிப் பட்டியலில் நாம் தேடிய ஒளி ஊடுருவும் கற்களுக்கு ஊற்றுக்கண் இங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

கருவூர்

நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்துக்கு அருகில் புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு சேர இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையினரைக் குறிப்பது. அதே மலையில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவன் சமணத் துறவியர்க்குச் செய்த கொடையும் எழுதப்பட்டிருக்கிறது. மணி செய்யும் ஊரும் பொன் விற்கும் ஊரும் ஒரே ஆற்றுவழியில் அமைந்தது தற்செயலாக இருக்க முடியாது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் திரளாகக் கிடைத்துள்ளன. 'மாக்கோதை' என்று பெயரும் தலையுருவமும் பொறித்த சேரர் வெள்ளிக் காசு, ரோமானியக் காசைப் பார்த்து வடிக்கப்பட்டது போலவே இருக்கிறது.

சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களமா என்ற பூசல் சென்ற நூற்றாண்டில் நம் அறிஞர்களை இரு அணியாகப் பிரித்தது. 'வஞ்சிமாநகர்' எழுதிய இரா. இராகவையங்கார் கரூருக்கும், கே.ஜி. சேஷையர் மேலைக் கரைக்கும் வாதாடினர். கல்வெட்டும் காசும் கரூரின் பக்கம் வலுவாக நிற்கின்றன. எனினும் நம் கட்டுரைக்கு அப்பூசலின் முடிவைவிட அது எழுந்த காரணமே முக்கியம். சேரர்க்குக் கடற்கரையும் வேண்டியிருந்தது, கொங்கும் வேண்டியிருந்தது. ஒன்று வாயில், மற்றொன்று பட்டறை. இவ்விரண்டையும் பிடித்திருந்தவனே வாணிகத்தை ஆண்டான்.

கரூரிலிருந்து காவிரி நம்மைப் புகாருக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே நாம் முன்பு கண்ட மிளகு மூட்டைகள் இறங்குகின்றன. வணிகச் சாத்தின் பயணம் முடிகிறது.

இன்று அவ்வழியில்

வெள்ளலூர் என்றால் காசியல் அறிஞர்களுக்கு ரோமானியப் புதையல் நினைவுக்கு வரும். கோவைவாசிகளுக்கோ மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. நொய்யலின் கதையும் அதுவே. திருப்பூரின் பின்னலாடை மீண்டும் கடல் கடந்து மேலை நாடுகளுக்குப் போகிறது. பழைய வாணிகம் புதிய உருவில் தொடர்கிறது எனலாம். ஆனால் சாயக்கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதற்கு 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. பாசனத்துக்கென எழுப்பிய அணை கழிவுநீர்த் தொட்டியாயிற்று. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றிற்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே ஆற்றங்கரையில் உலை மூட்டியவர்களும் ஏற்றுமதிக்காகவே உழைத்தார்கள். அவர்கள் நமக்கு மணிகளை விட்டுச் சென்றார்கள். நாம் நம் பின்னோர்க்கு விட்டுச்செல்வதை எண்ணினால் நாணமாக இருக்கிறது.

கொங்கின் ஊர்ப்புறங்களில் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் வயலுக்காகவும் மண்ணுக்காகவும் வீட்டுமனைக்காகவும் அழிந்து வருகின்றன. அவை இன்னவை என்று அறியாத உழவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்தபின் தமிழ்நாடெங்குமிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே செல்வதைக் காண்கிறோம். பார்க்க ஏதேனும் இருந்தால் மக்கள் வருவார்கள், வந்தால் மதிப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. அடுத்த முறை முசிறியைக் காணக் கொடுங்கல்லூர் செல்வதானால், திரும்பும்போது கணவாயோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் பெருவழியின் பெயரைப் பாருங்கள். வெள்ளலூரில் நொய்யலைக் கடந்து, படியூர் வழியாகக் கொடுமணலுக்கு வாருங்கள். அங்கே கோட்டையில்லை, கோபுரமில்லை. வேளாண் நிலங்களும் ஈமச்சின்னக் கற்களும்தான் இருக்கும். பிறகு கரூர், புகளூர் மலை, கடைசியில் பூம்புகார். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். துறைமுகத்தில் கப்பலேறிய பொருளைச் செய்த கைகள் எந்த ஊரில் இருந்தன என்று அவர்கள் கேட்பார்களானால், விடை சொல்ல அப்போது நமக்கு ஓர் ஊர் இருக்கும்.